எல்லை தாண்டாத பணம்: வைஸ் நிறுவனம் வளர்ந்த வழி

வைஸ், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட நாணய மாற்று, பணப் பரிமாற்ற நிறுவனம். எஸ்தோனியர் இருவர் 2011 ஜனவரியில் ‘டிரான்ஸ்பர்வைஸ்’ என்ற பெயரில் இதைத் தொடங்கினர். 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இதன் வழியே நாடு விட்டு நாடு போன தொகை ஏறத்தாழ 14,500 கோடி பவுண்டு. அந்த ஆண்டில் இதைப் பயன்படுத்திய தனிநபர்களும் நிறுவனங்களும் சேர்ந்து 1.56 கோடி. நூறு பவுண்டு அனுப்புவதற்கு நிறுவனம் எடுத்துக்கொண்ட கட்டணம் சராசரியாக அரை பவுண்டுக்குச் சற்றே மேல்.

இந்த வளர்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், இரு நண்பர்கள் வங்கியைத் தவிர்த்துவிட்டுத் தங்களுக்குள் பணம் மாற்றிக்கொள்ளும் உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உபாயம் முதல் சில ஆண்டுகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. நிறுவனத்தைப் பெரிதாக்கியவை அதற்குப் பிறகு நடந்த, விளம்பரத்துக்கு உதவாத வேலைகள்: நாட்டுக்கு நாடு உரிமம் வாங்கியது, உள்ளூர் நாணயத்தில் இருப்பு வைத்தது, மைய வங்கிகள் நடத்தும் பணத்தீர்வு அமைப்புகளுக்குள் நேரடியாக நுழைந்தது, அதனால் குறைந்த செலவை விலையில் இறக்கியது.

வங்கி வழியும் அதன் மறைவிலையும்

ஒரு நாட்டு வங்கியிலிருந்து இன்னொரு நாட்டு வங்கிக்குப் பணம் போகும்போது உண்மையில் பணம் எங்கும் பயணம் செய்வதில்லை. வங்கிகள் ஒன்றிடம் மற்றொன்று கணக்கு வைத்திருக்கின்றன. லண்டன் வங்கி மும்பை வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்திருந்தால், லண்டனில் வாடிக்கையாளரின் பவுண்டைக் கழித்துக்கொண்டு, மும்பைக் கணக்கிலிருந்து ரூபாயைக் கொடுக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினால் போதும். 1973இல் பெல்ஜியத்தில் அமைக்கப்பட்ட ஸ்விஃப்ட் செய்வது இந்தச் செய்திப் பரிமாற்றத்தைத்தான். அது பணத்தைக் கையாள்வதில்லை. இரு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு இல்லாத இடத்தில் நடுவில் ஒன்றோ இரண்டோ முகவர் வங்கிகள் சேர்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு தொகையை எடுத்துக்கொள்கிறது. விடுமுறை, நேர வேறுபாடு, சோதனை என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தாமதம் சேர்கிறது. கடைசியில் பெறுபவர் கைக்கு எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது அனுப்பும் வங்கிக்கே சரியாகத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியும் இந்தக் கட்டணங்களைவிடப் பெரியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. நாணயச் சந்தையில் எந்த நேரத்திலும் ஒரு வாங்கும் விலையும் ஒரு விற்கும் விலையும் இருக்கும். இரண்டுக்கும் நடுப்புள்ளியே நடுவிகிதம். செய்தித்தாளிலும் இணையத் தேடலிலும் காட்டப்படுவது இதுதான். வாடிக்கையாளருக்கு வங்கி தருவதோ அதைவிடத் தாழ்ந்த வேறொரு விகிதம். நடுவிகிதம் 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 106 ரூபாய் 50 காசு கணக்கில் மாற்றினால், 1,000 பவுண்டு அனுப்பியவருக்கு 3,500 ரூபாய் குறைகிறது. இந்தக் குறைவு எந்த ரசீதிலும் கட்டணம் என்று அச்சாவதில்லை. ‘கட்டணம் இல்லை’ என்ற பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டே இதை வாங்க முடியும். உலகெங்கும் விமான நிலையக் கவுண்டர்கள் அப்படித்தான் வாங்கி வந்தன. விலையே தெரியாத ஒரு சேவையில் போட்டி இருந்தும் பயனில்லை. எது மலிவு என்று ஒப்பிட வாடிக்கையாளருக்கு வழி இல்லாததால், விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. நாணய மாற்றுத் தொழிலின் அடிப்படைக் கோளாறு இதுவே. வைஸின் முதல் பங்களிப்பும் இந்த இடத்தில்தான்.

இரு எஸ்தோனியர்கள்

கிறிஸ்டோ கார்மன் லண்டனில் டெலாய்ட் நிறுவனத்தில் ஆலோசகராக இருந்தார். 2008இல் கிடைத்த 10,000 பவுண்டு போனஸை, வட்டி கூடுதலாகக் கிடைக்கும் என்று எஸ்தோனியாவிலுள்ள தன் கணக்குக்கு அனுப்பினார். எதிர்பார்த்ததைவிடச் சுமார் 500 பவுண்டு மதிப்புக்குக் குறைவாக வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் எஸ்தோனியாவின் நாணயம் குரோன். ஒரு யூரோவுக்கு 15.6466 குரோன் என்று அது மாறாத விகிதத்தில் கட்டப்பட்டிருந்தது. பவுண்டை யூரோவாக மாற்றிவிட்டால் அதற்குமேல் குரோன் பக்கத்தில் ஏற்ற இறக்க அபாயம் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. ஆகவே ஐந்து விழுக்காடு போனதற்குச் சந்தை அபாயத்தைக் காரணம் காட்ட முடியாது.

தாவெத் ஹின்ரிகுஸ் ஸ்கைப்பின் முதல் ஊழியர். ஸ்கைப்பின் மென்பொருள் டாலினில் உருவானது. 2005இல் ஈபே அதை 260 கோடி டாலருக்கு வாங்கியபோது, பதின்மூன்று லட்சம் பேர் வாழும் அந்தச் சிறு நாட்டில் உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்து பழகிய ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. வைஸின் பொறியாளர்களில் பெரும்பகுதியினர் பின்னாளில் டாலினிலிருந்தே வந்தனர். ஹின்ரிகுஸ் லண்டனில் குடியிருந்தார். சம்பளம் யூரோவில் வந்தது. கார்மனுக்குச் சம்பளம் பவுண்டில். வீட்டுக் கடனோ எஸ்தோனியாவில். ஒருவருக்குத் தேவையானது மற்றவரிடம் இருந்தது. மாதந்தோறும் அன்றைய நடுவிகிதத்தைப் பார்த்து, கார்மன் தன் பவுண்டை ஹின்ரிகுஸின் லண்டன் கணக்கில் போட்டார். ஹின்ரிகுஸ் அதற்கு ஈடான யூரோவைக் கார்மனின் எஸ்தோனியக் கணக்கில் போட்டார். எந்தப் பணமும் எல்லை தாண்டவில்லை. நண்பர்கள் சிலர் சேர்ந்துகொண்டனர். எஸ்தோனியா யூரோவுக்கு மாறிய அதே மாதத்தில், 2011 ஜனவரியில், இது நிறுவனமாயிற்று.

தமிழ் வாசகர்களுக்கு இந்த முறையில் புதுமை எதுவும் தெரியாது. லண்டனிலும் டொரன்டோவிலும் வாழும் ஈழத்தமிழர்கள் ‘உண்டியல்’ என்று அழைக்கும் பண அனுப்பல் இதே கணக்கில்தான் நடக்கிறது. அங்கே ஒருவரிடம் கொடுத்தால் யாழ்ப்பாணத்தில் இன்னொருவர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். இருவரும் பின்னர் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறார்கள். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் லேவாதேவி நடத்திய நகரத்தார் உண்டி எழுதியதும் இதன் மூதாதைதான். உண்டியல் முறையின் வலிமை அதன் வேகமும் மலிவும். அதன் பலவீனம், எழுத்தில் எதுவும் இல்லாததால் ஏமாற்றப்பட்டால் முறையிட இடமில்லை என்பதும், சட்டம் அதை ஏற்பதில்லை என்பதும். இந்தியாவில் 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இத்தகைய பரிமாற்றத்தைத் தடை செய்கிறது. டிரான்ஸ்பர்வைஸ் செய்தது பழைய கணக்கையே. ஆனால் உரிமத்தோடும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பதிவோடும், இருபுறமும் அடையாளச் சோதனையோடும் செய்தது. பழைய முறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான் அதன் உண்மையான புதுமை.

அதற்குச் சட்டமும் சரியான நேரத்தில் இடம் கொடுத்தது. பணப் பரிமாற்றச் சேவைகள் குறித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணை 2007இல் வெளியாகி, 2009இல் பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. வங்கியாக இல்லாத ஒரு நிறுவனமும் உரிமம் பெற்று மக்களின் பணத்தை அனுப்பலாம் என்று அது வகை செய்தது. ஒரு உறுப்பு நாட்டில் பெற்ற உரிமம் மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். 2008 நிதி நெருக்கடியில் வங்கிகள் மீதிருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருந்தது. ஐந்து ஆண்டுகள் முன்னால் தொடங்கியிருந்தால் இதே யோசனை வங்கி உரிமம் இல்லாமல் நகர்ந்திருக்காது.

முதலீடும் விளம்பரமும்

தொடக்க முதலீடு லண்டனின் சீட்கேம்ப்பிடமிருந்து வந்தது. 2013இல் பீட்டர் தீலின் வாலர் வெஞ்சர்ஸ் 60 லட்சம் டாலர் முதலீட்டுச் சுற்றுக்குத் தலைமை தாங்கியது. 2014இல் 2.5 கோடி டாலர் சுற்றில் ரிச்சர்ட் பிரான்சன் சேர்ந்தார். 2015 ஜனவரியில் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் தலைமையில் 5.8 கோடி டாலர் வந்தபோது நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலரைத் தொட்டது. 2017இல் 28 கோடி டாலர் சுற்று. அந்த ஆண்டு முதல் நிறுவனம் லாபத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் கார்மன் தலைமை நிர்வாகியானார்; அதுவரை அப்பொறுப்பில் இருந்தவர் ஹின்ரிகுஸ். 2019, 2020 ஆண்டுகளில் நடந்த பெரும் பங்கு விற்பனைகள் புதுப் பணம் திரட்ட நடந்தவை அல்ல. பழைய பங்குதாரர்களும் ஊழியர்களும் தங்கள் பங்கில் ஒரு பகுதியை விற்றுக்கொண்டனர். முதலீட்டுப் பணத்தை எரித்தே வளர்ந்த அந்தக் காலத்து நிதித்தொழில்நுட்ப நிறுவனங்களின் நடுவே இது அரிது.

விளம்பரத்தில் நிறுவனம் தேர்ந்துகொண்ட எதிரி வங்கிகள்கூட அல்ல, மறைவிலை. 2014இல் ‘மறைக்க எதுவுமில்லை’ என்ற முழக்கத்தோடு ஆண்களும் பெண்களும் உள்ளாடையோடு லண்டனின் நிதி வட்டாரத்தில் ஊர்வலம் போனார்கள். வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அதைவிட முக்கியமான செயல், தன் தளத்திலேயே போட்டியாளர்களின் விலைகளையும் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டுக் காட்டியது. வேறொருவர் மலிவாக இருந்தால் அதுவும் அதில் தெரியும். கட்டணம் தனியாக, விகிதம் தனியாக, பெறுபவருக்குச் சேரும் தொகை தனியாக, பணம் அனுப்புவதற்கு முன்பே திரையில் வந்தது. நாணய மாற்றின் முழுச் செலவையும் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதி கொண்டுவந்தபோது, அதற்காக வாதாடியவர்களில் இந்த நிறுவனமும் இருந்தது.

ஜோடி சேர்ப்பதிலிருந்து குழாய் பதிப்பதற்கு

பவுண்டை யூரோவாக்க விரும்புபவரையும் யூரோவைப் பவுண்டாக்க விரும்புபவரையும் ஜோடி சேர்ப்பது லண்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே நடக்கும். இரு பக்கமும் போக்குவரத்து ஏறக்குறைய சமம். பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ இது நடக்காது. பிரிட்டனிலிருந்து அந்த நாடுகளுக்குப் போகும் பணம் மிகுதி, அங்கிருந்து வருவது குறைவு. ஒருபக்கம் பவுண்டு குவியும், மறுபக்கம் ரூபாய் வற்றும். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட நிறுவனமே மொத்தச் சந்தையில் ரூபாய் வாங்கி முன்கூட்டியே இருப்பு வைக்க வேண்டும். எந்த நாளில், எந்த நாணயத்தில், எவ்வளவு தேவைப்படும் என்று கணிக்க வேண்டும். வாரக் கடைசியில் சந்தை மூடியிருக்கும்போது வாடிக்கையாளருக்குக் கொடுத்த விகிதத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தனிநபர்கள் தமக்குள் மாற்றிக்கொள்கிறார்கள் என்ற பேச்சு மெல்ல மறைந்து, நிறுவனம் ஒரு நாணயக் கருவூலத்தை நடத்தத் தொடங்கியது. சிறு சிறு தொகைகளைக் கூட்டி, ஒன்றோடொன்று கழித்து, மிச்சத்தை மட்டும் சந்தையில் மாற்றினால் போதும். ஆகவே பரிமாற்றம் பெருகப் பெருக ஒவ்வொரு பவுண்டுக்கும் ஆகும் செலவு இறங்கியது.

அடுத்த தடை வங்கிகளே. ஒரு நாட்டில் பணம் வாங்கவும் கொடுக்கவும் உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். அந்த வங்கியோ போட்டியாளர். கட்டணத்தையும் வேகத்தையும் அதுவே தீர்மானிக்கும். பரிமாற்றம் நடக்கும் நேரத்தையும் அதன் அலுவலக நேரமே தீர்மானிக்கும். வங்கியல்லாத நிறுவனங்களும் தன்னிடம் தீர்வுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டனின் மைய வங்கியான இங்கிலாந்து வங்கி 2017இல் அறிவித்தது. 2018 ஏப்ரலில் அந்த வாசல் வழியே முதலில் நுழைந்தது டிரான்ஸ்பர்வைஸ். பிரிட்டனின் உடனடிப் பரிமாற்ற அமைப்பில் இடைவங்கி இல்லாமல் நேரடியாகச் சேர்ந்த முதல் வங்கியல்லாத நிறுவனம் அதுவே. பின்னர் ஹங்கேரி, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ் என்று ஒவ்வொன்றாக இத்தகைய நேரடி இணைப்பு கிடைத்தது. ஜப்பானின் வங்கிகளுக்கிடையேயான தீர்வு அமைப்பிலும் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் பேச்சும் சட்டத் திருத்தமும் தேவைப்பட்டன. அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகத் தனித்தனி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2025 தொடக்கத்தில் பரிமாற்றங்களில் ஏறத்தாழ 65 விழுக்காடு 20 வினாடிக்குள் பெறுபவர் கணக்கில் சேர்ந்தன. பார்வையாளர்கள் புகழும் நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியை யாரும் ஓராண்டில் நகலெடுத்துவிடலாம். இந்த இணைப்புகளையும் உரிமங்களையும் நகலெடுக்கப் பத்தாண்டு வேண்டும்.

கணக்கு, அட்டை, வட்டி

2017இல் ‘எல்லையற்ற கணக்கு’ வந்தது. ஒருவர் பல நாணயங்களில் இருப்பு வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளூர்க் கணக்கு எண் பெறலாம். அமெரிக்க வாடிக்கையாளர் அமெரிக்கக் கணக்குக்கு அனுப்புவதுபோல் அனுப்ப, சென்னையிலோ டாலினிலோ இருப்பவர் அதைப் பெறலாம் என்பதால், வெளிநாட்டுக்கு வேலை செய்து கொடுக்கும் தனியாட்களும் சிறு நிறுவனங்களும் இதை நாடினர். 2018இல் டெபிட் கார்டு. பணம் அனுப்பும் நிறுவனம் என்ற அடையாளம் சுருங்கிப்போனதால் 2021 தொடக்கத்தில் பெயரும் ‘வைஸ்’ என்று சுருங்கியது. இன்னொரு பக்கம், தன் போட்டியாளர்களான வங்கிகளுக்கே தன் பரிமாற்றக் கட்டமைப்பை வாடகைக்கு விடத் தொடங்கியது. முதலில் என்26, மான்சோ போன்ற புதிய இணைய வங்கிகள். பின்னர் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், மார்கன் ஸ்டான்லி போன்ற பழைய பெயர்கள்.

கணக்கு வந்தபின் வருமானத்தின் தன்மை மாறியது. வாடிக்கையாளர் விட்டுவைக்கும் இருப்பு அரசுக் கடன்பத்திரம் போன்ற பாதுகாப்பான இடங்களில் வைக்கப்படுகிறது. உலகெங்கும் வட்டி பூஜ்யத்தை ஒட்டியிருந்தவரை அதில் வருமானம் இல்லை. 2022க்குப் பிறகு வட்டி விகிதங்கள் ஏறியபோது, எந்தப் புது முயற்சியும் இல்லாமல் பெரும் தொகை வந்து விழுந்தது. 2021 மார்ச் நிதியாண்டில் வரிக்கு முந்தைய லாபம் 4 கோடி பவுண்டை ஒட்டியிருந்தது. 2024 மார்ச் நிதியாண்டில் அது 48 கோடியைத் தாண்டியது. இந்தத் தாவலில் வட்டியின் பங்கு மிகப் பெரிது. பிரிட்டனின் மின்பண விதிகளின்படி, வைஸ் போன்ற மின்பண நிறுவனம் வாடிக்கையாளர் இருப்புக்கு வட்டி கொடுக்கக் கூடாது. முதல் ஒரு விழுக்காட்டு வருவாயைத் தான் வைத்துக்கொண்டு மீதியில் 80 விழுக்காட்டை வாடிக்கையாளருக்கே திருப்புவது என்று நிறுவனம் கொள்கை வகுத்தாலும், விதி இடம் தராத நாடுகளில் அந்தப் பணம் நிறுவனத்திடமே தங்கியது. வெளிப்படையான கட்டணத்தின் பேரில் வளர்ந்த நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் உணராமலே ஈட்டித் தரும் வருமானம் பெருகுவது நல்ல அறிகுறி அல்ல. நிறுவனமும் இதை அறிந்தே, வட்டியின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும் தனி லாப அளவுகோலை வெளியிட்டு வருகிறது.

இங்கே பயனாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வைஸ் பிரிட்டனில் வங்கி அல்ல. அதிலுள்ள இருப்பு நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து பிரித்து வைக்கப்படுகிறது; ஆனால் வங்கி வைப்புக்குக் கிடைக்கும் அரசு சார்ந்த காப்புறுதி அதற்கு இல்லை.

பங்குச் சந்தையில்

2021 ஜூலை 7 அன்று வைஸ் லண்டன் பங்குச் சந்தையில் நேரடியாகப் பட்டியலானது. புதுப் பங்கு வெளியிடவில்லை. முதலீட்டு வங்கிகள் விலை குறித்துக் கொடுக்கவும் இல்லை. சந்தையே ஒரு பங்குக்கு 8 பவுண்டு என்று விலை வைத்தது. அதன்படி நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 800 கோடி பவுண்டு. ஓராண்டுக்குள் பங்கு விலை பாதிக்கும் கீழே இறங்கியது. பின்னர் மெல்லவே தொடக்க விலையை மீண்டும் எட்டியது. ஆண்டு வருவாயோ 2021இன் 42 கோடி பவுண்டிலிருந்து 2024இல் 105 கோடியாக உயர்ந்துகொண்டே இருந்தது. கட்டணத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டு வரும் நிறுவனத்தை எப்படி மதிப்பிடுவது என்பதில் சந்தைக்கு இருந்த தடுமாற்றமும் இந்த இடைவெளியில் தெரிகிறது.

பட்டியலானபோதே பங்குகள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டன. பழைய பங்குதாரர்களின் கையிலிருந்த இரண்டாம் வகைப் பங்குகளுக்கு ஒன்பது மடங்கு வாக்கு. அதனால் நிறுவனத்தின் கட்டுப்பாடு பெரும்பாலும் கார்மனிடம் இருந்தது. ஐந்தாண்டில் இது காலாவதியாக வேண்டியிருந்தது. 2025 ஜூனில் முதன்மைப் பட்டியலை அமெரிக்காவுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்த நிறுவனம், கூடுதல் வாக்குரிமையை மேலும் பத்தாண்டு நீட்டிப்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்தது. இரண்டையும் பிரித்து வாக்கெடுக்க வேண்டும் என்று எதிர்த்தவர் இணை நிறுவனர் ஹின்ரிகுஸ். ஜூலை இறுதியில் பங்குதாரர்கள் தீர்மானத்தை நிறைவேற்றினர். ஹின்ரிகுஸின் ஆட்சேபம் நியாயமானது. இரு வேறு கேள்விகளுக்கு ஒரே விடை கேட்பது, விலையைப் பிரித்துக் காட்டியே பெயர் வாங்கிய நிறுவனத்துக்குப் பொருந்தவில்லை.

கண்காணிப்பின் கை

பணம் அனுப்பும் தொழிலில் வளர்ச்சி என்பது யாருடைய பணம் என்ற கேள்விக்கு விடை தேடும் வேலையும் அதே வேகத்தில் வளர்வது. வைஸில் அது எப்போதும் அப்படி நடக்கவில்லை. 2022இல் அபுதாபியின் நிதி மண்டல ஒழுங்குமுறை அமைப்பு, கறுப்புப் பணத் தடுப்பு ஏற்பாடுகளிலிருந்த குறைக்காக 3.6 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2025இல் அமெரிக்காவின் ஆறு மாநிலங்கள் அதே வகைக் குறைக்காக 42 லட்சம் டாலர் அபராதம் விதித்தன. தன் சொந்த வரி விவகாரத்தைத் தெரிவிக்கத் தவறியதற்காகக் கார்மன் மீது பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2024 அக்டோபரில் 3.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. இவை எல்லாவற்றிலும் கூர்மையானது, 2025 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு பிறப்பித்த ஆணை. கட்டண விவரங்களைத் தவறாகத் தெரிவித்ததும் அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அப்போது சுமார் 25 லட்சம் டாலராக இருந்த மொத்தத் தொகையில், அபராதப் பகுதி அதே ஆண்டு மே மாதத்தில் பெருமளவு குறைக்கப்பட்டது.

இந்தக் குறைகளை எடைபோட, அதே லண்டன் சந்தையில் பட்டியலான இன்னொரு நிறுவனத்தைப் பக்கத்தில் வைக்கலாம். 1980இல் அபுதாபியில் தொடங்கிய யுஏஇ எக்ஸ்சேஞ்ச், வளைகுடாவில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களின் சம்பளப் பணத்தை ஊருக்கு அனுப்பியே வளர்ந்தது. பி. ஆர். ஷெட்டியின் கையில் அது பல நாடுகளுக்கு விரிந்தது. டிராவலெக்ஸ் நிறுவனத்தையும் சேர்த்து, ஃபினாப்லர் என்ற தாய் நிறுவனத்தின் பெயரில் 2019 மே மாதம் லண்டனில் பட்டியலானது. 2020 மார்ச்சில் கணக்கில் காட்டாத கடன்கள் வெளிப்படத் தொடங்கின. ஐக்கிய அரபு அமீரக மைய வங்கி யுஏஇ எக்ஸ்சேஞ்சின் செயல்பாட்டைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. நாற்பதாண்டு காலக் கிளைவலையும் தொழிலாளர்களின் நம்பிக்கையும் சில வாரங்களில் சரிந்தன. நாணய மாற்று நிறுவனத்தின் அடித்தளம் அதன் கணக்குப் புத்தகம்தான்.

எட்டாத இடங்களும் புதிய போட்டியும்

வைஸின் மலிவு எல்லோருக்கும் எட்டுவதில்லை. அதற்கு வங்கிக் கணக்கும் கைப்பேசியும் ஒழுங்கான அடையாள ஆவணங்களும் வேண்டும். கையில் ரொக்கச் சம்பளம் வாங்கி, ஊரில் ரொக்கமாகவே கொடுக்க வேண்டியவருக்கு 1871 முதல் பணம் அனுப்பிவரும் வெஸ்டர்ன் யூனியன் போன்ற முகவர் வலைகளே இன்றும் வழி. உலக வங்கியின் கணக்கெடுப்பில், 200 டாலர் அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு 6 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 2030க்குள் அதை 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. அரை விழுக்காட்டில் அனுப்ப முடியும் என்று ஒரு நிறுவனம் காட்டிய பிறகும் சராசரி அதை நெருங்கவில்லை. மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர்களே மிக அதிகக் கட்டணம் கொடுக்கும் நிலை தொடர்கிறது.

இந்தியா இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாத இடம். 2024இல் வெளிநாடுவாழ் இந்தியர் அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர். வேறெந்த நாடும் இவ்வளவு பெறவில்லை. ஆனால் ரூபாய் கட்டுப்பாடுள்ள நாணயம். வெளிநாட்டு நிறுவனம் தன் விருப்பப்படி ரூபாய்க் கணக்கு நடத்த முடியாது. உள்ளூர் வங்கிகளோடு கூட்டுச் சேர்ந்தே பணத்தைக் கொடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பும் சேவையை வைஸ் 2021இல் தொடங்கியது. அதுவும் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் என்ற ரிசர்வ் வங்கியின் வரம்புக்குள்தான். ஐரோப்பாவில் வேலை செய்த சூத்திரம் இங்கே முழுமையாக வேலை செய்யாததற்குச் சட்டமே காரணம்.

இதற்கிடையே அரசுகளே களத்தில் இறங்கிவிட்டன. எல்லை தாண்டும் பணத்தை மலிவாக்கும் திட்டத்தை ஜி-20 நாடுகள் 2020இல் ஏற்றன. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் நேரடியாக இணைக்கப்பட்டன. கைப்பேசி எண்ணை வைத்தே அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் அனுப்பலாம். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்று வரம்பு இருந்தது. இருபுறமும் அனுப்பும் வசதியோடு முதலில் சேர்ந்த இந்திய வங்கிகளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இரண்டு உண்டு. ஒன்று இந்தியன் வங்கி. மற்றொன்று அந்நியச் செலாவணிக்கும் வெளிநாட்டு வங்கிப் பணிக்கும் என்றே எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. இத்தகைய இணைப்புகள் பெருகும்போது, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை அனுப்பும் சிறு தொகைப் பரிமாற்றங்களில் இடைநிறுவனத்துக்கு வேலை குறையும். பல நாணயங்களில் கணக்கு, நிறுவனங்களின் பெருந்தொகைப் பரிமாற்றம், வங்கிகளுக்கு வாடகைக் கட்டமைப்பு ஆகியவற்றின் பக்கம் வைஸ் தன் எடையை நகர்த்திவருவதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.